பொறியில் இருந்த ரப்பர்

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த தங்கை, பூச்சி படித்தவள். பூச்சி எப்போது பறக்கும், எதைத் தேடிப் போகும், எங்கே முட்டை வைக்கும் என்பதுதான் அவள் படிப்பு. இன்றைக்குப் பருத்தியில் புழு விழுந்தால் எங்கெங்கிருந்தோ அவளுக்குத்தான் போன் வருகிறது. அவள் ஆராய்ச்சியில் சேர்ந்த வருஷம் எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியில் அதை ஒரு படிப்பாகவே யாரும் மதிக்கவில்லை. "ஏலே, ஒன் தங்கச்சி பூச்சிக்குப் பேரு வைக்கவா காலேஜுக்குப் போகுது?" என்று பக்கத்துக் காட்டுப் பெரியப்பா அப்பாவைக் கிண்டலடிப்பார்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. எங்கள் பருத்தி பூவும் பிஞ்சுமாக நின்ற நேரத்தில் அத்தை இரண்டு பொறிகளோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். மேலே மஞ்சள் மூடி, கீழே நீளமாக ஒரு பாலிதீன் பை. மூடிக்கு அடியில் விரல் நுனியளவு ரப்பர்த் துண்டு. அதில் பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றியிருக்கிறது. பொண்டாட்டி கூப்பிடுகிறாள் என்று ஆண் பூச்சி ஓடிவந்து பைக்குள் விழும் என்றாள். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஒருவர் மருந்து அடித்தால் மறுநாளே எல்லாரும் அடித்துவிடுவார்கள். புழு இருக்கிறதா என்று செடியைப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அத்தையோ, பொறியில் விழுவதைத் தினமும் எண்ணி, கூடினால் மட்டும் அடித்தால் போதும், சும்மா அடித்தால் புழுவைத் தின்கிற நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும் என்றாள். ஊரே மருந்து அடித்த வாரத்தில் அப்பா தங்கச்சி பேச்சை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இது பலித்தால் அடுத்த வருஷம் தன் காட்டிலும் பங்காளிகள் காட்டிலும் பொறி வைத்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அத்தையின் ஆராய்ச்சிக்கு அத்தனை காடுகள் தேவைப்பட்டன.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். அந்த ரப்பர் என் பென்சில் முனையில் செருகச் சொல்லிவைத்த மாதிரி இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஒன்றைப் பிடுங்கினேன். ஒன்று தொலைந்தால் என்ன செய்வது என்று மற்றதையும் பிடுங்கினேன். அழித்துப் பார்த்தால் நோட்டெல்லாம் கரியாக அப்பியது. மோந்து பார்த்தால் ஒரு வாசனையும் இல்லை. அத்தை நன்றாக ஏமாந்திருக்கிறாள் என்று எனக்கு அவள்மேல் பாவமாகக்கூட இருந்தது!

மறுநாளிலிருந்து பொறியில் ஒரு பூச்சியும் விழவில்லை. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அத்தை மட்டும் முகம் சுண்டிப்போய்த் திரிந்தாள். குறையலாம், அது எப்படி ஒரேயடியாக நிற்கும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள்.

வியாழக்கிழமை விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் புத்தகப் பை முன்வாசல் ஆணியில் தொங்கியது. அத்தையின் கை சோற்றோடு அப்படியே நின்றது.

"அண்ணே, வெளக்கு எரியுது. அத விட்டுட்டு இந்தப் பூச்சிக ஏன் பையச் சுத்துதுக?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஏழெட்டு அந்துப்பூச்சிகள் பையில் முட்டி முட்டிப் பறந்தன. அத்தை எழுந்துபோய் இடது கையால் பையைத் துழாவி, என் பென்சில் டப்பாவை நேராக எடுத்துத் திறந்தாள். ஒரு போலீஸ்காரர்கூட அப்படிக் கண்டுபிடித்திருக்க மாட்டார். இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

"எப்ப எடுத்த?"

"திங்கக்கெழம."

அவ்வளவுதான் கேட்டாள். அடிக்கவில்லை. அடிக்க எழுந்த அப்பாவையும் விடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய் ரப்பரைப் பொருத்திவிட்டு வந்தாள்.

காலையில் இரண்டு பொறியின் பையிலும் பூச்சி நிறைந்து கிடந்தது. காய்களைப் பிளந்து பார்த்தாள். சிலதில் புழு நுழைந்துவிட்டது. அன்றைக்கே மருந்து அடித்தோம். மேற்கு ஓரத்துப் பருத்தி போனது, மற்றது தப்பியது.

பெரியப்பா விடுவாரா? வீட்டுக்கே வந்துவிட்டார். "என்ன தாயி, பூச்சியே இல்லன்ன, காயில புழு நெளியுதாம்ல?"

நான் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பேர் வருவதற்காகக் காத்திருந்தேன்.

"ரப்பரு இருக்கான்னு நான் தெனம் பாத்திருக்கணும்ணே. பாக்கல. என் தப்புதான்" என்றாள் அத்தை.

அப்பா வாயைத் திறக்கப்போனார். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். தப்பித்தோம் என்று நான் கொல்லைப்புறமாக விளையாட ஓடிவிட்டேன்.

பெரியப்பா வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பங்காளிகளும் கையை விரித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் அத்தை விடியக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, காரியாபட்டிப் பக்கம் முகம் தெரியாதவர்கள் காட்டில் பொறி கட்டினாள். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது. எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? ஒருநாள் சாயங்காலம் வெயிலில் கறுத்துப்போய் வந்தவளிடம், நம்ம ஊரை விட்டுவிட்டு அங்கே ஏன் போகிறாய் என்று கோபமாகக் கேட்டேன்.

"அங்க ரப்பரு எடுக்குற பிள்ளைக இல்லடி" என்று என் தலையில் செல்லமாகக் குட்டிச் சிரித்தாள்.

அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.