ஐஸ் பெட்டியும் சகலையின் கம்ப்யூட்டரும்

2008-ஆம் வருடம், கோடை. மண்டபத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கிடந்தன. நாட்டுப்படகுக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ் தயாரிப்போம். பிளான்ட்டில் மற்றவர்கள் அந்த நாட்களில் சீட்டாடுவார்கள், கல்யாணம் காட்சி என்று ஊர் சுற்றுவார்கள். நான் வீட்டில் கம்ப்யூட்டர் கட்டுவேன்.

கட்டுவது என்றால், கடையில் முழுதாக வாங்குவதில்லை. மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், எவரோ கழித்துப்போட்ட மதர்போர்டு, யாரோ விற்ற கிராபிக்ஸ் கார்டு என்று தேடிப் பொறுக்கி வந்து, ஒரு கேபினட்டுக்குள் திருகி ஓட வைப்பது. விளையாட்டுக்கென்றே கட்டும் கம்ப்யூட்டர். இந்த வேலை முடிந்தது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒன்றை மாற்றினால் இன்னொன்று போதாமல் போகும். அதோடு எங்கள் ஊர் உப்புக் காற்றுக்குக் கேபினட் ஸ்குரூகூடத் துரு ஏறிவிடும். அடிக்கடி பிரித்துத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் யாருக்காக என்று கேட்டால், என் மனைவிக்காக. அவள் தங்கச்சிமடத்துக்காரி, கடல் தொழில் செய்யும் குடும்பம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் என்று உட்கார்ந்துவிட்டால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த கையோடு வந்து உட்காருவாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, லெஃப்ட்டில் போ, பிரேக் பிடி என்று தொணதொணப்பேன். அவள் திட்டுவாள். வாரம் முழுக்க அந்தத் திட்டுக்காகத்தான் காத்திருப்பேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள்.

இதில் மண்ணள்ளிப் போட வந்தவன் என் சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரன். கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் கடலில், மீதி நாள் ராமநாதபுரம் டவுனில் சொந்த வீட்டில். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, அண்ணே, எனக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க என்றான். நானும் பெருமையாக உட்கார வைத்து, பிராசசருக்கு மேல் சூடு கடத்தும் பசையை எவ்வளவு தடவ வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தேன்.

அந்தக் கோடையில் லீவில் வந்தவன் சிங்கப்பூரிலிருந்து சூட்கேஸ் நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தான். எல்லாம் புதுசு. ஒரு பக்கம் கண்ணாடி போட்ட கேபினட், உள்ளே நீல விளக்கு, என் உள்ளங்கையைவிடப் பெரிய ஃபேன். கிராபிக்ஸ் கார்டு ஒரு செங்கல் கனம் இருந்தது. டவுனில் எங்கள் ஊர் அளவுக்கு உப்புக் காற்றும் இல்லை. அவனுடைய ஸ்குரூ ஒவ்வொன்றும் பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தது. வாயால் சூப்பர் தம்பி என்று சொன்னேன். வயிறு எரிந்த எரிச்சலில் அன்று அவர்கள் வைத்த பிரியாணி இறங்கவில்லை.

அது போதாதென்று என் மனைவி அதில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். எழுந்திருக்க மனசே இல்லை அவளுக்கு. பஸ்ஸில் திரும்பி வரும்போது உச்சிப்புளி தாண்டும்வரை அதே பேச்சு.

"அங்கன வண்டி வழுக்கிக்கிட்டுப் போகுதுங்க. மழை பேஞ்சா ரோட்டுல தண்ணி மினுங்குறதுகூடத் தெரியுது. நம்ம வீட்டுல வளைவு வந்தாலே நொண்டுது."

அவள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. இருப்பதைத்தான் சொன்னாள். அதனால்தான் கூடுதலாக எரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், தங்கச்சியைப் பார்த்துட்டு வாரேன் என்று பஸ் ஏறிவிட்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான் தனியாக என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவள் இந்நேரம் அங்கே எத்தனையாவது சுற்றில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் வீட்டில் சகலைக்கு இரண்டு துண்டு மீன் அதிகமாக விழுந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதை எப்படிப் பொறுப்பது?

புதுச் சாமான் வாங்க எனக்கு வழியில்லை. இருக்கிற பிராசசரை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட விடலாம். செட்டிங்கில் மாற்றினால் ஓடும். ஆனால் அடுப்பு மாதிரி கொதிக்கும். கொதித்தால் நின்றுவிடும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சூட்டைக் குறைப்பதுதானே நம் தொழில்? கடலிலிருந்து வரும் எதையும் ஐஸில் போட்டுக் காப்பாற்றுகிற ஊரில் இருந்துகொண்டு, ஒரு ஃபேனை நம்பி உட்கார்ந்திருப்பதா?

மீன் ஏற்றுமதிக்கு வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று எடுத்தேன். அதில் உடைத்த ஐஸும் தண்ணீரும். ஏர் கூலருக்குள் இருக்குமே, அந்தச் சின்ன மோட்டார் பம்ப் ஒன்று. பிளான்ட்டில் கழித்த செம்புத் துண்டை அரத்தால் ராவி ராவிப் பிராசசர் மேல் உட்காரும்படி செய்து, துளை போட்டு, அதற்குள் ஐஸ் தண்ணீர் சுற்றி வரும்படி டியூப் மாட்டினேன். ஓட விட்டதும் பிராசசர் சூடு மடமடவென்று இறங்கியது. நான் வேகத்தைக் கூட்டினேன். நின்றுபோகவில்லை. மறுபடி கூட்டினேன். அந்தச் சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் உள்ளங்கை சில்லென்று இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலையையும் அவன் மனைவியையும் சாப்பாட்டுக்கு அழைத்தேன். நண்டுக் குழம்பு. குழம்பு ஒரு சாக்குத்தான். அவன் வயிறு எரிவதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்ததும் மேலே மூடியிருந்த துணியை விலக்கிப் பெட்டியைக் காட்டினேன். கம்ப்யூட்டர் மேஜை மேல், ஐஸ் பெட்டி பக்கத்து ஸ்டூலில், நடுவில் டியூப். சகலை குனிந்து வெகுநேரம் பார்த்தான். "அண்ணே, கப்பல்ல இத்தனை வருசமா தண்ணியில எஞ்சினைக் குளுப்பாட்டுறோம், எனக்கு இது தோணலையே" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நண்டு என்ன, இறாலும் சேர்த்தே வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

மனைவி உட்கார்ந்தாள். பந்தயம் தொடங்கியது. வண்டி நொண்டவில்லை. வளைவில் சீறிக்கொண்டு போனது. அவள் பின்னால் திரும்பாமலேயே, என்னங்க, நம்ம வீட்டு வண்டியா இது என்றாள். நான் சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. கேபினட்டுக்குள் போகும் டியூபைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் தொட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, பைப்பு வேர்க்குது. கொஞ்சம் நிறுத்திட்டுத் துடைச்சிருவோமே."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐஸ் பிளான்ட்டில் வேர்க்காத பைப் ஏது? வருடக்கணக்காக வேர்த்து ஒழுகும் பைப்புகளுக்கு நடுவில்தான் நடமாடுகிறேன். பைப் வேர்த்தால் குளிர்ச்சி சரியாக ஏறுகிறது என்று அர்த்தம். எங்களுக்கு அது நல்ல சகுனம். இவன் ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கிறான், இவனுக்குப் பொறாமை பொங்குகிறது என்றுதான் என் மனதில் ஓடியது. நான் எதிர்பார்த்தது கிடைத்துவிட்ட மாதிரி ஓர் இனிப்பு. வேர்க்கட்டும் தம்பி, வேர்க்கணும் என்று சொல்லிப் பெட்டியில் இன்னும் இரண்டு கை ஐஸை அள்ளிப் போட்டேன்.

பிளான்ட்டில் பைப்புக்குக் கீழே சிமெண்ட் தரைதான் இருக்கும், மதர்போர்டு இருக்காது என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

கடைசிச் சுற்றில் என் மனைவி முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். டப் என்று ஒரு சத்தம். திரை இருண்டது. கருகிய வாடை அடித்தது. அவள் கை இன்னும் அம்புக்குறி பட்டன்கள் மேலேயே இருந்தது. சகலைதான் ஓடிப்போய் மெயினை அணைத்தான். செம்புத் துண்டிலும் டியூபிலும் வேர்த்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் போர்டில் இறங்கியிருந்தது. அவன் தன் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தான். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் மேல் கோபப்பட்டு ஆறுதல் அடைந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு, இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இவளுக்கு ராமநாதபுரம்தான் என்று முடிவு செய்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் வாசலில் பைக் சத்தம் கேட்டது. சகலை. கையில் டர்க்கி டவலில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தால் அவனுடைய மதர்போர்டு, பிராசசர், அந்தச் செங்கல் கனக் கார்டு. நான் லீவு முடிஞ்சு கிளம்பப்போறேன், அங்கன சும்மாதான் கிடக்கும் என்றான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி டவலோடு வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

இரண்டு பேரும் கேபினட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு மாட்ட ஆரம்பித்தோம். என் துருப்பிடித்த ஸ்குரூக்களை அவன் ஒவ்வொன்றாக எண்ணெய் தொட்டுக் கழற்றினான். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. இப்படிக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்கு இவனுக்கு வசதி பார் என்றுதான் உள்ளே ஓடியது. அப்போது அவன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"உங்களப் பாத்தா எனக்கு ரொம்பப் பொறாமையா இருக்கும்ணே. மதினி ஓட்டுறதும், நீங்க பக்கத்துல இருந்து திட்டு வாங்குறதும். அதப் பாத்துதான் நானும் கட்டுனேன். என்ன கட்டி என்ன, வீட்டுல அவ அந்த ரூம் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேங்குறா."

ஸ்குரூடிரைவர் என் கையிலேயே நின்றுவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் எனக்கு வந்தது குளிர்ந்த சந்தோஷம். சிங்கப்பூர் சாமானெல்லாம் வைத்திருப்பவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். அது கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதன் பின்னால் முந்தின நாள் அவன் விரல் டியூபைத் தொட்டது ஞாபகம் வந்தது. பொறாமை அவன் நெஞ்சிலும் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் பைப்பு வேர்க்குது என்று சொல்லியிருக்கிறான். என் கம்ப்யூட்டர் கருகிப்போகட்டும் என்று அவன் ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தாலே போதும். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பிறகு அடுத்த ஸ்குரூவைத் திருகினேன்.

மத்தியானம் போல ஓட விட்டோம். மழை பெய்த ரோட்டில் தண்ணீர் மினுங்கியது. மனைவி என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். நான் சகலையை உட்கார வைத்தேன். லெஃப்ட்டில் போங்க மதினி என்று அவன் சொல்ல, அவள் அவனைத் திட்டினாள். அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு மறுபடி லேசாக எரிந்தது. பிறவிக் குணம், என்ன செய்வது.

அதற்குப் பிறகு எத்தனையோ கம்ப்யூட்டர் கட்டிவிட்டேன், இன்றும் என்னைவிட நல்லதாக ஒன்றை யார் வீட்டில் பார்த்தாலும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் வயிறு எரிந்துகொண்டிருக்கும்போதே அடுத்தவன் பைப் வேர்க்கிறது என்று எடுத்துச் சொல்ல முடிந்ததே அந்த மனிதனால், அதை நினைத்துப் படுகிற பொறாமைதான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.