சட்டத்தில் உரசிய டயர்

பிரான்சின் மொர்ஸீன் மலையூரில் சைக்கிள் பட்டறை வைத்திருந்த செவெரின், மலையிறக்கப் பந்தயத்துக்குப் போகும் தம்பி பாஸ்தியானின் சைக்கிளுக்குப் பெரிய சக்கரங்கள் மாட்டினாள். முன்சக்கரம் சரியாக உட்கார்ந்தது. அதிர்வு தாங்கும் பின்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, இருக்கையை முழுதாக அழுத்திப் பார்த்தபோது பின்சக்கரத்தின் புது டயர் சைக்கிளின் சட்டத்தில் உரசியது.

"ஆகாதுடா. ஒசரத்துலேர்ந்து குதிச்சா சக்கரம் நின்னுடும். பின்னாடி பழசே இருக்கட்டும்."

"அப்போ நீயே ஓட்டுக்கா, பொம்மை வண்டி மாதிரி! எல்லாரும் பெருசுலதான் பறக்கறாங்க."

அவன் விடாமல் நச்சரித்தான். எளிதில் அமுங்காத கடினமான ஸ்பிரிங் ஒன்றைப் போட்டு, மனசில்லாமல் பெரிய சக்கரத்தையே மாட்டிக் கொடுத்தாள்.

பந்தயத்தின் மூன்றாவது குதிப்பில் தரை தொட்டதும் பின்சக்கரம் இறுகி நின்றது. பாறையில் விழுந்த பாஸ்தியானின் முதுகெலும்பு முறிந்தது.

பந்தயக்குழுவின் விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து, தம்பியின் படுக்கையருகே இருந்த செவெரினிடம் கேட்டார்.

"டயர் உரசும்னு தெரியுமா?"

"அக்காவுக்குத் தெரியாது சார்," என்று படுக்கையிலிருந்து முந்திக்கொண்டான் பாஸ்தியான்.

செவெரின் அவனைப் பார்க்கவில்லை.

"தெரியும். அழுத்திப் பார்த்தேன், உரசிச்சு. தெரிஞ்சேதான் மாட்டினேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பந்தயங்களில் வேலைபார்க்க அவளுக்குத் தடை வந்தது. பாஸ்தியான் மறுபடி நடக்கவில்லை.