கேட்காமல் கொடுத்த பட்டம்

செய்தி சத்தமில்லாமல் வந்தது. திண்டிவனத்தில் எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்து பையைக் கீழே வைத்தபோது டேவிட்டிடமிருந்து வீடியோ அழைப்பு. டேவிட் எஸ்தரின் கணவர். எஸ்தரைப் போலவே அவருக்கும் பிறவியிலிருந்து காது கேட்காது. செல்பேசியை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் போட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓயாமல் பேசும் கைகள் அவை. கடைசியில் வலது கையை உயர்த்தி எஸ்தரின் சைகைப் பெயரைக் காட்டினார். அதற்குமேல் அந்தக் கை நகரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மூளையில் ரத்தக்கசிவு என்று பிறகு தெரிந்தது. புதுச்சேரி மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டிருக்கிறது.

எஸ்தரும் நானும் அரசுப் பள்ளிகளுக்குப் போய்வரும் ஒப்பந்தச் சிறப்பாசிரியர்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் காட்டில் கூலிக்குப் போன பெற்றோருக்குப் பிறந்து, சிறப்புக் கல்வியில் முதுகலை முடித்து வேலைக்கு வந்தவர் அவர். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே நான் சைகை மொழி கற்றேன். அவர் கைகள் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் கேட்கும். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

இரங்கல் பதாகைகளில் எல்லோரும் 'முனைவர் எஸ்தர்' என்று போட்டிருந்தீர்கள். அந்த முனைவர் பட்டம் எப்படி வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அவர் சொல்லாமல் இல்லை. நம்மில் பலருக்கு அவர் கைகளைப் படிக்கத் தெரியவில்லை.

பட்டத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னதோ அத்தனையும் செய்தார். தகுதித் தேர்வு எழுதினார். நெறியாளர் கிடைக்க ஊர் ஊராக அலைந்தார். பாடத்தேர்வில் தேறினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவின் முன் நின்றார். ஆய்விதழ்களில் கட்டுரை வெளியிட்டார். எதிலும் அவர் சலுகை கேட்டதில்லை. பேசுகிறவர் தன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இவ்வளவுதான் கேட்டார். அதைத்தான் பெரிய சலுகை என்றார்கள்.

காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன் வீட்டில் தாங்களே உண்டாக்கிக்கொள்ளும் சைகைகள்தான் அவர் எடுத்த பொருள். மேல்மலையனூர்ப் பக்கத்தில் ஒரு சிறுமி அமாவாசையைக் காட்ட நிலாவைக் காட்டவில்லை. இரண்டு தோள்களையும் குறுக்கி, அமாவாசைதோறும் அந்த ஊர்க் கோயிலில் நெரியும் கூட்டத்தில் நசுங்குவதுபோல் காட்டினாள். அதைப் பார்த்த அன்று முழுக்க எஸ்தர் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தோளைக் குறுக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். நெறியாளருக்கு இது பிடிக்கவில்லை. "இதெல்லாம் ஆராய்ச்சியாம்மா? பேச்சுப் பயிற்சின்னு தலைப்ப மாத்திக்குங்க, ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார்.

எஸ்தர் என் பக்கம் திரும்பினார். "எங்க வூட்டுக்குள்ளயே நின்னுக்கினு என்ன வெளிய போகச் சொல்றாரு பாரு" என்றார். தலைப்பை மாற்றவில்லை. அதற்காக அந்த மனிதர் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததையும் பொறுத்துக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வு வந்தது. விதியில் வாய்மொழி என்றுதான் இருக்கிறது, கைமொழி என்று இல்லை என்றார் அலுவலகத்தில் ஒருவர். வாதாடி அனுமதி வாங்கினோம். ஆனால் நான் மொழிபெயர்க்கக் கூடாதாம். "நீங்களும் இதே துறைதானே மேடம், நீங்களே பதில் சொல்லிட்டா?" என்றார்கள். அவர்களே ஒருவரை அழைத்து வந்தார்கள். அடிப்படைச் சைகைகளைத் தாண்டி எதுவும் தெரியாதவர். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் ஒரே சைகை மொழிதானே சொல்லித் தர முடியும்? அப்புறம் இந்த வீட்டுச் சைகையால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். நல்ல கேள்வி. அவர் உதடுகளைப் படித்துக்கொண்டிருந்த எஸ்தரின் முகம் மலர்ந்தது.

"காது கேக்கற புள்ள பள்ளிக்கூடத்துக்கு வூட்டுப் பேச்சோடதான் வருது. அத வாசல்லயே வுட்டுட்டு வான்னு யாரும் சொல்றதில்ல. எங்க புள்ளைங்களும் ஒரு பேச்சோடதான் வருதுங்க. அது ஊமையா வருதுன்னு நெனைக்கறதுதான் வாத்தியாரோட மொத தப்பு. அந்தப் பேச்ச மொதல்ல வாத்தியார் கத்துக்கட்டும், அங்கேர்ந்து பொதுச் சைகைக்குக் கூட்டிக்கினு போகலாம்" என்று சொல்லி, தான் பார்த்த பிள்ளைகளின் சைகைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சின்ன வயசுல இவங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க, சார்" என்றார்.

தேர்வாளர் கண்கலங்கினார். நான் எழுந்து, அது தப்பு என்று கத்தினேன். பார்வையாளர்கள் குறுக்கிடக் கூடாது என்று உட்கார வைத்தார்கள். அடுத்த பதில்களும் கஷ்டம், விடாமுயற்சி, கடவுள் அருள் என்றே போய்ச் சேர்ந்தன. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தபோது அரங்கமே கைதட்டியது. நடந்ததை நான் சொன்னதும் எஸ்தர் தனக்குப் போட்ட சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "என்ன பாஸ் பண்ணிட்டாங்க. எம் பதில யாரும் கேக்கல" என்றார்.

மறுதேர்வு வைக்கச் சொல்லி அவர் விண்ணப்பித்தது பலருக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்றார் நெறியாளர். பதில் வரவே இல்லை. விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் சிறப்புக் கல்வி விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலுக்குப் போனபோது, காது கேட்காதவர் எப்படி வகுப்பெடுப்பார் என்று கேட்டார்கள். இறக்கும்வரை ஒப்பந்த ஊழியராகவே இருந்தார்.

அதே கல்லூரியில்தான் போன வாரம் இரங்கல் கூட்டம் நடந்தது. டேவிட்டும் காது கேளாத நண்பர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்க யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. நானே மேடையோரம் போய் நின்றேன். சாந்தமானவர், அதிர்ந்து பேசாதவர், கிடைத்ததில் திருப்தி கண்டவர் என்று பேசினார்கள். அப்படியே சைகையில் சொன்னேன். பாதியில் டேவிட் கையை உயர்த்தினார்.

"இவங்கெல்லாம் யாரப் பத்திப் பேசிக்கினு இருக்காங்க?" என்று கேட்டார்.

விழுப்புரத்துக்கு நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து போனது நினைவுக்கு வருகிறது. பேருந்தில் நடத்துநர் எஸ்தரின் மாற்றுத்திறனாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பாத்தா நல்லாத்தானே இருக்குது?" என்றார். எஸ்தர் அவரை வசமாகத் திட்டினார். நான் விழித்தேன். "நான் திட்டினா திட்டாவே சொல்லு. நடுவுல பூந்து என்ன நல்லவளா ஆக்காத" என்றார். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். பாதி வழியில், கூட்டேரிப்பட்டில் எங்கள் இரண்டு பேரையும் இறக்கிவிட்டுவிட்டுப் பேருந்து போயிற்று. கொளுத்தும் வெயிலில் சாலையோரம் நின்று எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்பதான் நான் சொன்னத ஒருத்தன் கேட்டிருக்கான்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கட்டளையைத்தான். எஸ்தர் சாந்தமானவர் இல்லை. கிடைத்ததில் அவருக்குத் திருப்தியும் இல்லை. கோபத்தோடுதான் போனார்.