மாமா பார்த்த கடைசி ரவுண்டு

என் தாய்மாமா குவைத்திலிருந்து முதல் லீவில் புத்தூருக்கு வந்தபோது, தெருவே எதிர்பார்த்தது சென்ட்டும் போர்வையும். அவர் கொண்டுவந்தது ஒரு வீடியோ கேம். மாமா வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் அதை மாட்டினார்கள். குள்ளமான ஒருவன் பள்ளம் தாண்டி, பேய்களை மிதித்து ஓடுவான். மொத்தம் பன்னிரண்டு ரவுண்டு.

அதில் எட்டாவது ரவுண்டை நான் தாண்டியதே இல்லை. திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அந்தக் கேமில் கிடையாது; நான் எட்டாவதில் கால் வைக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. முடிவைப் பார்த்தவர் மாமா மட்டும்தான், அதுவும் கரண்டே போகாத குவைத்தில். "கடைசியில இன்னா ஆவும் மாமா?" என்று நாங்கள் நச்சரித்தபோது சொன்னார்: "கடைசியா ஒரு பூதம் வரும், அது செத்துடும். அவன் வீட்டுக்குப் போயி கதவத் தட்டுவான். அவங்கம்மா தொறந்து, வா கண்ணு, துன்னுன்னு சோறு போடுவா. தட்டுல ஆவி பறக்கும்."

அதிலிருந்து நான் எதில் தோற்றாலும் அவருக்குக் கொண்டாட்டம். எஞ்சினியரிங் சீட்டைக் கோட்டை விட்டபோது சொன்னார், முதல் வேலை போனபோது சொன்னார், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட "எட்டாவது ரவுண்டு தாண்டாதவன்" என்றுதான் என்னை அறிமுகம் செய்தார்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்த பிறகு, பழைய கேம்களை நோண்டும் கிறுக்கு எனக்குப் பிடித்தது. கூடவே கட்டற்ற மென்பொருள் கிறுக்கும். ஒருவர் எழுதிய நிரலை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒளிவு மறைவு கூடாது. இதைப் பற்றி நான் கல்யாண வீட்டிலும் பேசுவேன், கருமாதி வீட்டிலும் பேசுவேன். நான் தொண்டையைச் செருமும்போதே என் மனைவி எழுந்து போய்விடுவாள்.

அப்படி முகம் தெரியாத நாலைந்து பேர் சேர்ந்து, மாமாவின் கேமை அசலில் உள்ளபடியே புதிதாக எழுதி வைத்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஆடிப் பார்ப்பார்கள். நான் நேராக முடிவு எழுதியிருந்த பகுதியைத் திறந்தேன். மூன்றே வரி. திரையைக் கறுப்பாக்கு. பேய்களின் வேகத்தைக் கூட்டு. முதல் ரவுண்டுக்குப் போ. அம்மாவும் இல்லை, சோறும் இல்லை. முதல் சம்பளத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

"அவரு பொய் சொன்னாருன்னு இப்பப் போயி நிரூபிச்சு இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி. மனிதனுக்கு ஒரு லட்சியம் வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோப்புப் பெட்டி அளவுள்ள குட்டிக் கம்ப்யூட்டரோடு சித்தூர் வழியாகப் புத்தூர் போய்ச் சேர்ந்தேன். மாமா குவைத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அத்தையிடம் விஷயத்தைச் சொன்னதும், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டரையும் அழைத்துவிட்டாள். அவரும் அந்தச் சோற்றுக் கதையை வருஷக்கணக்கில் கேட்டவர்.

நான் எட்டாவது ரவுண்டைத் தாண்டியதுமே மாமா நெளிய ஆரம்பித்தார். "போதும்டா, கண்ணு வலிக்கும்." பத்தாவதில், "கரண்ட் போற நேரம்." "இன்வர்ட்டர் இருக்குது" என்றாள் அத்தை. பதினொன்றில், மோட்டாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தவரைக் கண்டக்டர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பன்னிரண்டில் பூதம் செத்தது. திரை கறுத்தது. முதல் ரவுண்டு வந்து நின்றது.

"ஏமீ லேதே", ஒன்றுமே இல்லையே என்று தெலுங்கில் சொல்லி உதட்டைப் பிதுக்கினார் கண்டக்டர். "சோறு எங்கடா?" என்றாள் அத்தை. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன், மறைப்பானேன்.

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதேதான்" என்றார். "அங்க ரூமுல ஆறு பேரு. ஒரு வெள்ளிக்கிழம லீவுல உக்காந்து முடிச்சேன். இதேதான் வந்துச்சு. ரெண்டு வருஷம் வேல, ரெண்டு மாசம் லீவு, மறுபடி ரேணிகுண்டாவுல ரயிலேறுன்னு என்னையே சொல்ற மாரி இருந்துச்சு. இங்க வந்தா, நீங்கல்லாம் என் வாயப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்தீங்க. இத எப்பிடிடா உங்ககிட்ட சொல்றது?"

அத்தை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த மனிதரை மடக்குவதற்காக வேலை மெனக்கெட்டு பஸ் ஏறி வந்தவன் நான். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

"நகரு" என்று கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார் மாமா. பேய்கள் இப்போது முன்னைவிட வேகம். அவர் விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. ஒரு உயிரைக்கூட இழக்காமல் எட்டாவதைத் தாண்டினார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஆமா, நீ ஆடசொல்ல நடுநடுவுல எதையோ அமுக்கிக்கினே இருந்தியே, அது இன்னா?"

செத்தாலும் செத்த இடத்திலிருந்தே ஆட வைக்க, அசலில் இல்லாமல் நானே நிரலில் சேர்த்திருந்த பொத்தான் அது. எட்டாவது ரவுண்டில் மட்டும் அதை முப்பது தடவையாவது அமுக்கியிருப்பேன்.

"சவுண்டு கூட்டினேன் மாமா" என்றேன்.

"அப்பிடியா" என்று நம்பிவிட்டார்.