தரையில் கால் வைக்காத பேபி

"ஏய், நீ சயின்ஸ் குரூப்புதானே? நடந்தா எலும்பு ஒடையுமா, நடக்காம இருந்தா ஒடையுமா?"

பேபி இப்படிக் கேட்டபோது நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். டீச்சரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"டீச்சருக்கும் தெரியலன்னா ஹெட்மாஸ்டரக் கேளுடி" என்று சிரித்தாள்.

சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அவள். என்னைவிட ஒரு வயது பெரியவள். பள்ளியில் கோ-கோ அணியில் இருந்தாள். ஓடும்போது ரிப்பன் அவிழ்ந்து விழும், திரும்பிப் பார்க்க மாட்டாள். 1991-இல் பத்தாவது பரீட்சை முடிந்த கோடையில் அவளுக்கு விடாமல் காய்ச்சல் அடித்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பல மாதம் ஊசியும் மாத்திரையும். முடியெல்லாம் கொட்டி, முகம் உப்பி வீடு திரும்பினாள்.

அனுப்பும்போது நர்ஸ் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். மாத்திரையால் எலும்பு மெலியும், அதனால் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், யாராவது கூட இருந்து தினமும் கொஞ்சம் நடக்க வைக்க வேண்டும். எங்கள் வரிசை வீடுகளில் முதல் விஷயம் மட்டும்தான் பரவியது. அவள் கட்டிலை விட்டு இறங்காமலிருக்க ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டிலிருந்து வெந்நீர், ஒரு வீட்டிலிருந்து கஞ்சி. எதிர்வீட்டுக் கங்கையம்மாள் அவள் வாய் கொப்பளிக்கக் கிண்ணம் ஏந்தி நிற்பார். பேபி காலைத் தொங்கப் போட்டாலே ஓடி வருவார்.

"இன்னாம்மா வோணும்? சொல்லு, நான் எடுத்தாறேன்."

"ஒண்ணும் வோணாம் அத்தை. சும்மா நிக்கலாம்னு பாத்தேன்."

"நின்னு இன்னா பண்ணப் போற? பஸ்ஸா வந்துகினு கீது?"

எல்லோரும் சிரிப்பார்கள். பேபியும் சிரித்துவிட்டுக் காலை மேலே எடுத்துக்கொள்வாள். யாருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் இதில் கஷ்டம்.

அவள் அப்பா யேசுதாசன் ரயில்வேயில் கலாசி, எடுபிடித் தொழிலாளி. மாதாமாதம் செக்கப்புக்கு மின்சார ரயிலில் கூட்டிப்போவார். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவளை முதுகில் சுமந்துதான் ஏறி இறங்குவார்.

"எல்லாரும் பாக்கறாங்கப்பா."

"பாக்கட்டும். என் பொண்ணு, என் முதுகு. அவங்களுக்கு இன்னா?"

ஆஸ்பத்திரி நெரிசலில் டாக்டர், "வீட்ல நடக்கிறாளா?" என்று கேட்பார். "நடக்கிறா சார்" என்று அப்பா சொல்லிவிடுவார். திட்டு வாங்காமல் திரும்ப வேண்டும் என்பதுதான் அவர் கவலை. பேபிக்கோ அந்தப் படிகளை ஒருநாள் தானே ஏற வேண்டும் என்ற ஒரே ஆசை. நர்ஸ் நடக்கச் சொல்ல, அப்பா தூக்கிச் சுமக்க, குழம்பிப் போய்த்தான் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கிறாள்.

1993 பொங்கல் விடுமுறையில் நானும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தத்தில் நோய் தெரியவில்லை, ஆனால் மருந்தைத் தொடர வேண்டும் என்றார் டாக்டர். யேசுதாசன் ரயில் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தாம்பரத்தில் இறங்கியதும் பேபி கேட்டாள்.

"இன்னிக்கி நானே ஏறட்டாப்பா?"

அன்றைக்கு அவரால் எதையும் மறுக்க முடியவில்லை. "ஏறும்மா. நான் பின்னாடியே வரேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு சில படிகள் ஏறினாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கோடி" என்றாள். அடுத்த படியில் உடம்பைத் தூக்கும்போது அப்படியே சரிந்தாள். அப்பா தாங்கிப் பிடித்துவிட்டார்.

"நான் விழலப்பா. காலுதான் தானா வுட்டுச்சி" என்றாள்.

தொடை எலும்பு முறிந்திருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர், "இவ்வளவு நாளா படுக்கையிலயே வெச்சிருந்தீங்களா?" என்றார். உடம்பின் பாரத்தைச் சுமந்தால்தான் எலும்பு உறுதியாக இருக்கும் என்று விளக்கினார். மாத்திரை ஒரு பக்கம் எலும்பை மெலிய வைத்தது, படுக்கை மறு பக்கம் மெலிய வைத்தது. சமதரையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருக்க வேண்டும். இத்தனை மாதம் படுத்துவிட்டுத் திடீரென்று படி ஏறியதை எலும்பு தாங்கவில்லை.

"அப்போ நான் தூக்கினு போனது தப்பா சார்?" என்றார் யேசுதாசன்.

டாக்டர் மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்தது. புற்றுநோய் மருந்தைச் சில வாரங்கள் நிறுத்த வேண்டியிருந்தது. அதனால்தான் நோய் திரும்பியதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் திரும்பிவிட்டது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பே பேபி இறந்துபோனாள். அதுவரை ஒரு தடவைகூட அவள் எழுந்து நிற்கவில்லை.

"தரையில கால் படாம, ராணி மாதிரி வெச்சிருந்தாரு" என்று தெருவில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் யேசுதாசன் எழுந்து உள்ளே போய்விடுவார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுது. என் பேரையும் போடு" என்றார்.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இந்த நோயோடு ஒரு பிள்ளை படுத்திருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அங்கே போய்ச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை எவ்வளவு நடக்கலாம், எப்படி நடக்கலாம் என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால், நடக்கவில்லை என்றே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.