பண்ணைக்காட்டு மூடுபனியில் ஓர் ஒயிலாட்டம்

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காடு போய் வந்தோம். சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மாதிரியே இல்லை, மூட்டை தூக்கிவிட்டு வந்த மாதிரி அலுப்பு. இடுப்பு இன்னும் சரியாகவில்லை. இருந்தாலும் வழியையும் செலவையும் கேட்டு நாலைந்து பேர் எழுதியிருப்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில், ஏன் போனோம்? என் மனைவி செல்விக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். இரண்டு நாள் நடந்தாள், பிடிக்கவில்லை. மதுரை அவனியாபுரத்தில் எங்கள் பக்கத்துத் தெரு மொட்டைமாடியில் ஒரு வாத்தியார் பெண்களுக்கு ஒயிலாட்டம் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்துகொண்டாள். கையில் கலர் துணி, காலில் சலங்கை, வரிசை கட்டி ஆடுவது. இரண்டு வருடத்தில் சர்க்கரையும் இறங்கியது, முகமும் தெளிந்தது.

ஆனால் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் என் பெரியண்ணனுக்கு இது தெரியாது. கோயில் கமிட்டிக்காரர். யார் வீட்டு விஷயத்திலோ ஒருநாள், "நம்ம வீட்டுப் பொம்பளை சலங்கை கட்டி நின்னா நான் அந்தத் தெருவுல நடக்க மாட்டேன்" என்று சொன்னார். அன்றிலிருந்து அவரைப் பொறுத்தவரை செல்வி வாக்கிங் போகிறாள். உள்ளூரில் குழு ஆடும்போதெல்லாம் அவள் கீழே நின்று கை தட்டிவிட்டு வருவாள். சாயங்காலம் முழுக்க யாரோடும் பேச மாட்டாள்.

பண்ணைக்காட்டில் காப்பி பறிப்பு ஓய்ந்த பிறகு ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு கலைநிகழ்ச்சி வைக்கிறார்கள். அதற்கு வாத்தியாரின் குழுவைக் கூப்பிட்டார்கள். "ஒரே ஒரு தடவ மேடையில ஆடணுங்க" என்றாள் செல்வி. "அம்புட்டுத் தொலைவுல நம்மள யாருக்குத் தெரியும், வா போவோம்" என்றேன். அந்த மகா யோசனை என்னுடையதுதான்.

பன்னிரண்டு பெண்கள், வாத்தியார், தவில்காரர், பை தூக்க நான். வேன் வாடகை டீசலோடு பதினோராயிரம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டில் டிபன் சாப்பிட்டோம். இங்கேதான் தப்பு செய்தோம். மலைக்கு முன்னால் பூரிக் கிழங்கு சாப்பிடாதீர்கள். காட்ரோட்டில் ஏற ஆரம்பித்து மூன்றாவது வளைவிலேயே பின்சீட்டில் ஒருவர் வாந்தி எடுக்க, அது வரிசையாக முன்னால் வந்தது. ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மோந்தபடி ஊத்து என்கிற பிரிவுக்கு வந்து, வலப்பக்கம் திரும்பி, பத்தே காலுக்குப் பண்ணைக்காடு சேர்ந்தோம். வேன் மீட்டரில் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர்.

சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளி மைதானம், சுற்றிலும் காப்பியும் மிளகுக் கொடியும். ஆனால் அந்த மைதானத்தில் அன்று இருந்த உற்சாகத்தை மதுரையில் நான் பார்த்ததில்லை. சர்ச் பாடல் குழு, அதன் பின்னால் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்களின் மேளமும் ஆட்டமும், அப்புறம் காப்பி விலையைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்கள் எழுதி நடித்த நாடகம். எல்லாம் பகலிலேயே. ஐந்து மணிக்குமேல் காட்டுமாடு ரோட்டுக்கு வந்துவிடுமாம், அதற்குள் ஊர் அடங்கிவிட வேண்டும்.

வகுப்பறை ஒன்றில் ஜீப் ஓட்டும் ஒருவர் தான் வரைந்த படங்களை மாட்டியிருந்தார். எல்லாப் படத்திலும் பாதி வெறும் வெள்ளை. பெயிண்டை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் டீ குடிக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கல்லாவில் இருந்தவன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான்! நீங்க எங்க இங்குட்டு?"

பாண்டி. என் பெரியண்ணன் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. மலையில் ஏதோ கடை போட்டிருக்கிறான் என்று தெரியும், எந்த மலை என்று இத்தனை வருடத்தில் கேட்டுக்கொள்ளவில்லை. "சும்மா, இடம் பாக்கலாம்னு வந்தேன் மாப்ள" என்றேன். அவன் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். அதற்குள் பன்னிரண்டு ஜோடி சலங்கை கிணுகிணுத்தது. டீக்குக் காசு வாங்கவில்லை, கடையைப் பூட்டிவிட்டு என்னோடேயே மைதானத்துக்கு வந்துவிட்டான். நல்ல பையன். அதுதான் சிக்கலே.

மூன்று மணிக்குக் குழு மேடை ஏறியது. செல்வி பின்வரிசையில் நின்றாள். தவில் ஆரம்பிக்கவும் சரிவிலிருந்து மூடுபனி ஏறி வரவும் சரியாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் பின்வரிசையே காணோம். மேடையிலிருந்து சலங்கைச் சத்தம் மட்டும் வருகிறது. ஜீப்காரர் பெயிண்டை மிச்சம் பிடிக்கவில்லை என்று அப்போது புரிந்தது. நிறுத்துவார்கள் என்று பார்த்தால் ஒருவரும் எழவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "மூட்டம் வந்தா என்ன, காது கேக்குதுல்ல?" என்றார்.

பாண்டி போனை உயர்த்திப் பிடித்திருந்தான். "எங்க அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன் மச்சான். வெள்ளையாத்தான் தெரியுதாம். பெரிய மச்சானும் பக்கத்துல உக்காந்து பாக்குறாராம்."

"ஒண்ணுந்தான் தெரியலையே, கட் பண்ணு மாப்ள" என்றேன். மூடுபனிக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

முதல் பாட்டு முடிந்தது. நான் கொண்டுபோன தண்ணீரை வாங்க மேடை ஓரத்துக்கு வந்த செல்வி, என் பின்னாலேயே வந்த பாண்டியின் போனைப் பார்த்து, "யாரு தம்பி லைன்ல?" என்றாள். அவன் சொன்னான். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன், பின்னால் போ என்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவனிடம் சொன்னாள்:

"அங்கருந்து எடுத்தா எப்படித் தெரியும்? கிட்ட வா தம்பி. மூஞ்சி தெரியணும்."

சொல்லிவிட்டு முன்வரிசையின் இடது ஓரத்தில் போய் நின்றாள். பாண்டி மேடையை ஒட்டிப் போனான், நானும் போனேன். வேறு எங்கே போவது? முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவளுக்கு இப்படி ஆட வரும் என்று எனக்குத் தெரியாது. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நாலரைக்குக் கிளம்பினோம். இறங்கும் வழியில் என் போனுக்கு டவர் இல்லை. மலையடிவாரத்துக் காட்ரோடு வந்ததும் மணி அடித்தது, பெரியண்ணன்.

"பாண்டி போன்ல ஆடுனது யாருடா?"

படம் தெளிவாக இல்லை, வேறு யாரோ என்று நான் சொல்ல இடம் வைத்துத்தான் கேட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"செல்விதான்ணே. ரெண்டு வருசமா ஆடுறா. எனக்குத் தெரியும்."

அவர் போனை வைத்துவிட்டார். மூன்று வாரமாகிறது. மாடியிலிருந்து பேச்சில்லை. எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார். அண்ணி மட்டும் ஒருநாள் குழம்பு கொடுத்தனுப்பி, வகுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறார். செல்வி இப்போது சலங்கையைப் பையில் மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு போகிறாள். எனக்குத்தான் இன்னும் தெருவில் தலை தானாகக் குனிகிறது. பழகிவிடும்.

போகிறவர்களுக்கு: பஸ் என்றால் மதுரை ஆரப்பாளையத்தில் ஏறி வத்தலக்குண்டில் மாறுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். நிகழ்ச்சியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் முற்பகலிலேயே போய்விடுங்கள். தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எந்த மலைக்கும் போகாதீர்கள்.

வீடியோ காலுக்கு நடுவிலேயே பாண்டி எடுத்த படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். சுற்றிலும் வெள்ளையாக இருந்தாலும் ஒரு முகம் நன்றாகத் தெரியும். முன்வரிசை, இடது ஓரம்: என் மனைவி செல்வி.