முதுகில் தைத்த லாரி

நான் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிறவள். கல்யாணப் பெண்களுக்கான டிசைனை நானே வரைந்து, நானே தைப்பேன். செவிலிமேட்டில் எங்கள் தெருக் கோடியில் ஒரு குளம். குப்பை அள்ளும் ஒப்பந்தம் எடுத்திருந்தவர் லாரி லாரியாக அதில்தான் கொட்டுவார். பிறகு ஆள் விட்டுக் கொளுத்துவார். அந்தப் புகையில் என் மகளுக்கு இழுப்பு வந்தது. தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"ஜாக்கெட் தெக்கிற வேலைய மட்டும் பாரும்மா. நாத்தமா இருக்குதுன்னா ஜன்னல சாத்திக்கினு இரு," என்றார், நாற்காலியை விட்டு அசையாமல்.

மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அந்தப் பேச்சு காதில் விழும். இவரை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வார்டு தேர்தலில் நிற்கும் ஆசையில், அவர் தன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் தெரு முழுக்கப் பத்திரிகை வைத்தார். மணப்பெண்ணின் ஜாக்கெட்டும் என்னிடமே வந்தது. அந்தப் பெண் என்னை ஒன்றும் செய்யவில்லை; குறை சொல்ல முடியாதபடி தைத்துக் கொடுத்தேன். கூடவே தெருப் பெண்களுக்கும் தைத்தேன். முன்பக்கம் வெறும் பட்டு. முதுகில் ஜரிகையில் லாரி, கறுப்பு மணியில் புகை, அடியில் செத்த மீன்கள். அவர் லாரியின் நெற்றியில் இருந்த 'தாய் துணை'யைக்கூட விடவில்லை.

முந்தானையைப் போர்த்திக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். மேடையில் போட்டோக்காரர், "எல்லாரும் இங்க பாருங்க," என்றதும் முந்தானையை இறக்கி, முதுகைக் காட்டி நின்றோம். மண்டபத்துத் திரையில் லாரி பெரிதாகத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தென்னேரி விவசாயி. அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, இது உங்க வண்டிதானே?"

ஒப்பந்தக்காரர் போட்டோக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"எங்க கொளத்துல கொட்டி கொளுத்துறாருங்க. எம் பொண்ணால மூச்சு வுட முடியல," என்றேன் நான்.

"எங்க ஏரில எவனாச்சும் இப்பிடி கொட்டியிருந்தா, ஊரே சேந்து ஒதச்சிருக்கும்," என்றார் அவர், சம்பந்தியின் முகத்தைப் பார்த்தே.

அந்த முகம் வியர்த்து வழிந்தது. எனக்குத் தித்தித்தது. பந்தியில் பாயசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். மணப்பெண் மட்டும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது உறுத்தியது, ஆனாலும் வருந்தவில்லை.

அதன்பிறகு லாரி எங்கள் பக்கம் வரவில்லை. அவர் சொந்தக்காரர்கள் என்னிடம் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். போகட்டும். போன வாரம் ஓரிக்கையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவர்கள் பக்கம் பாலாற்றில் எவனோ கழிவைக் கொட்டுகிறானாம்.

"அவன் வூட்ல விசேஷம் எதுனா வருதா?" என்று கேட்டுக்கொண்டே அளவு நாடாவை எடுத்தேன்.